துணையணுக்களின் வரலாறு

எழுந்து நின்றவுடன் கண் இருண்டு வீழ்தல், கைகால் விறைத்துப்போதல், பேச்சுக் குழறுதல், சிறுநீரை அடக்கமாட்டாமை ஆகிய இவை நான்கும் ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை ஒருங்கே பற்றுமாயின், நம் எல்லைப்புறத்து ஊர்களில் அதற்குச் சொல்லப்படும் காரணங்களுக்குக் குறைவில்லை. வாதம் என்பர் சிலர். மலைக்குளிர் எலும்பில் இறங்கிவிட்டது என்பர் வேறு சிலர். யாரோ செய்வினை வைத்துவிட்டனர் என்று மந்திரிப்பவரைத் தேடிச் செல்வாரும் உளர். வயதாயிற்று, இனி என்ன செய்வது என்று கை விரிப்போரே மிகப் பலர். தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 37 ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவை இந்நோய் பற்றியபோது, இந்த நான்கு விளக்கங்களையும் எங்கள் வீட்டு முற்றத்திலேயே நான் கேட்டேன்.

முதலில் பார்க்கின்சன் நோய் என்று கருதி அதற்குரிய மாத்திரைகளைக் கொடுத்தனர். சில திங்கள் சற்றே பயன் தந்தது போலத் தோன்றியது; பின்னர் அதுவும் இல்லை. இறுதியில் போடிமெட்டு வழியாக மலையிறங்கி மதுரைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே பார்த்த நரம்பியல் மருத்துவர் பொறுமை மிக்கவர். நெடுநேரம் சோதித்தபின் சீட்டில் ஒரு நீண்ட பெயரை எழுதி, அதன் எதிரே ஒரு வினாக்குறியும் இட்டார். வினாக்குறி ஏன் என்று கேட்டேன். இந்நோயை ஐயமின்றிச் சொல்ல வேண்டுமாயின் மூளையின் துணையணுக்களை நுண்பெருக்கியில் நோக்க வேண்டும், அஃது உயிரோடு இருப்பவரிடத்தே இயலாது என்றார். துணையணு என்னும் சொல்லை அன்றுதான் முதன்முதல் கேட்டேன். அச்சொல்லின் பின்னே சென்று நான் படித்தறிந்தவற்றை இம்மலருக்கு எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் பணித்தார். மருத்துவம் பயின்றவனல்லேன், ஆதலின் மருத்துவம் சொல்லாமல் வரலாறு மட்டுமே சொல்கிறேன்.

மூளை இருவகை உயிரணுக்களால் ஆனது. செய்தியை மின்னோட்டமாகக் கடத்தும் நரம்பணுக்கள் ஒரு வகை. அவற்றைச் சூழ்ந்து நிற்கும் துணையணுக்கள் மற்றொரு வகை. மனித மூளையில் நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி என்றும், துணையணுக்களும் ஏறக்குறைய அதே அளவினவே என்றும் 2009-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் எண்ணிக் கண்டனர். துணையணுக்கள் பத்து மடங்கு மிகுதி என்று அதற்கு முன்னர்ப் பாடநூல்கள் பலவும் எழுதி வந்தன. எண்ணிப் பாராமலே ஒருவர் எழுதியதைப் பிறர் பார்த்தெழுதும் வழக்கம் மேனாட்டிலும் உண்டு போலும்!

இத்துணையணுக்களுக்கு முதன்முதல் பெயரிட்டவர் ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ. நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இடத்தை நிரப்பி, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒருவகைப் பசை என்று அவர் இதனைக் கருதினார். 1856-இல் 'நியூரோகிளியா' என்று பெயரிட்டார். கிளியா என்பது பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழிப் பிறந்தது. சுவரிலே செங்கல் கண்ணுக்குத் தெரியும். இடையில் உள்ள சுண்ணச்சாந்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. பசை என்று பெயர் வைத்த பின்னர் அதனை ஆராய்வோர் ஆர்வம் குன்றியதில் வியப்பில்லை. ஒரு பொருளுக்கு வைக்கும் பெயரே அதனை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது. தேயிலைத் தோட்டத்து வரலாறு எழுதுவோர் துரைமார் பெயர்களை ஒன்று விடாமல் எழுதிவிட்டு, கொழுந்து கிள்ளியோரைக் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை நம்மவர் அறிவர்.

இவ்வணுக்களைக் கண்ணால் காண்பதே அக்காலத்தில் அரிதாயிருந்தது. மூளையை மெல்லிய சீவலாக அறுத்து நுண்பெருக்கியின்கீழ் வைத்தால், எல்லாம் நிறமற்ற கூழாகவே தோன்றும். 1873-இல் இத்தாலி நாட்டுக் கமில்லோ கோல்ஜி என்பார், மிலான் நகருக்கு அண்மையில் தீரா நோயாளர்க்கென இருந்த மருத்துவமனை ஒன்றின் அடுக்களையை ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டு, வெள்ளி உப்பினால் அணுக்களைக் கரியவையாகத் தோற்றுவிக்கும் முறை ஒன்றைக் கண்டார். அம்முறையைக் கையாண்டு நரம்பணுக்களின் வடிவங்களை உலகுக்குக் காட்டியவர் ஸ்பெயின் நாட்டு சான்டியாகோ ரமோன் இ கஹால். 1906-இல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இருவரும் ஒருவர் கொள்கையை மற்றவர் ஒப்பாதவர். பரிசு பெற்ற மேடையிலும் அந்த வழக்குத் தீர்ந்தபாடில்லை.

கஹால் 1913-இல் தங்க உப்பைக் கொண்டு துணையணுக்களில் ஒருவகையைத் தெளிவாகக் காட்டினார். விண்மீன் போல் நாற்புறமும் கிளை பரப்பி நிற்றலின் அவை ஆஸ்ட்ரோசைட் எனப்பெற்றன. நாம் விண்மீனணு என்போம். அம்முறைக்கும் பிடிபடாமல் எஞ்சியவற்றை அவர் 'மூன்றாம் கூறு' என்று பொதுவாகக் குறித்தார். அம்மூன்றாம் கூறு ஒன்றன்று, இரண்டு என்று காட்டியவர் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே பணியாற்றிய பியோ டெல் ரியோ ஓர்தேகா. 1919-இலும் 1921-இலும் வெளியிட்ட கட்டுரைகளில் மைக்ரோகிளியா என்னும் நுண்ணணுக்களையும், ஆலிகோடெண்ட்ரோசைட் என்னும் சிறுகிளையணுக்களையும் அவர் பிரித்துக் காட்டினார். மாணவர் கண்டதை ஆசிரியர் எளிதில் ஏற்கவில்லை. மனக்கசப்பு முற்றி, 1920-இல் ஓர்தேகா அக்கூடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. ஸ்பெயினில் 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபின் நாட்டையும் விட்டுச் சென்றார். பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு என்று அலைந்து, 1945-இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் மறைந்தார். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் சென்றோர் வழிவந்த நம்போன்றார்க்கு இவர் வரலாறு அயலாகத் தோன்றாது.

இம்மூவகை அணுக்களும் செய்யும் பணியைச் சுருங்கச் சொல்வது ஈண்டுப் பொருந்தும். விண்மீனணு குருதிக் குழாய்க்கும் நரம்பணுவுக்கும் நடுவே நின்று உணவை வழங்கும். செய்தி கடந்தபின் எஞ்சும் வேதிப்பொருள்களைத் துப்புரவு செய்யும். நுண்ணணு காவற்காரன் போன்றது. கிருமியோ சிதைவோ கண்டால் அவ்விடம் விரைந்து அதனை விழுங்கும். சிறுகிளையணு நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறையை அமைப்பது. மின்கம்பிக்கு மேலுறை போல அவ்வுறை இருந்தால்தான் செய்தி விரைந்து செல்லும். ஒரே சிறுகிளையணு ஐம்பது வரையிலான இழைப்பகுதிகளுக்கு உறை இடவல்லது. அஃதொன்று நலிந்தால் ஐம்பது இடத்தில் நலிவு உண்டாகும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம். மருத்துவ உலகம் அதனை ஊகிக்க நெடுங்காலம் ஆயிற்று.

கோல்ஜியும் கஹாலும் பரிசு பெற்ற அதே 1906-ஆம் ஆண்டில், நவம்பர் 3-ஆம் நாள், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய மனநோய் மருத்துவர் கூட்டத்தில் அலாய்ஸ் அல்சைமர் ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். ஐம்பத்தொரு வயதில் நினைவு தடுமாறி ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் 1901-இல் சேர்க்கப்பட்டு, 1906 ஏப்ரலில் இறந்த ஒரு பெண்மணியின் மூளையில் தாம் கண்டவற்றை அவர் எடுத்துரைத்தார். நரம்பணுக்களுக்குள் முறுக்கிய நூற்சிக்கல்களும், அணுக்களுக்கு வெளியே படிந்த பொட்டுகளும் அங்கே இருந்தன. துணையணுக்கள் மாறியிருந்தமையையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை. ஆயினும் அவர்க்குப் பின் வந்தோர் கண்கள் நூற்சிக்கல் மீதும் பொட்டின் மீதுமே நிலைத்தன. 1912-இல் ஃபிரெடெரிக் லேவி பார்க்கின்சன் நோயாளர் மூளையில் உருண்டைப் படிவுகளைக் கண்டபோதும், அவை நரம்பணுவுக்குள் இருந்தவையே. நோய் என்றால் நரம்பணுவின் நோய். துணையணுவில் மாற்றம் தெரிந்தால் அது வீடு எரிந்தபின் எஞ்சும் புகை. இக்கருத்தே முக்கால் நூற்றாண்டு நிலவியது.

படிவுகள் யாவை என்பதற்கும் சிறிது விளக்கம் வேண்டும். அவை புரதங்கள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்ட ஒரு மாலை. அது தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் தன் பணியைச் செய்யும். ஏதோ ஒரு காரணத்தால் பிறழ மடிந்த புரதம், தன்னைப் போன்ற பிறவற்றையும் பிறழச் செய்து, அவற்றோடு ஒட்டி இழையாகத் திரண்டுவிடுகிறது. நூற்கண்டில் ஒரு சிக்கல் விழுந்தால் இழுக்க இழுக்க அது பெருகுவதை நாம் கண்டிருக்கிறோம். அணுவுக்குள் இத்தகைய சிக்கலை அகற்றும் ஏற்பாடுகள் உண்டு. முதுமையில் அவை தளர்கின்றன.

இனி என் பெரியப்பாவின் சீட்டில் எழுதப்பட்ட நோய்க்கு வருகிறேன். அதன் பெயர் 'மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி' என்பது. தமிழில் பன்மண்டலச் சிதைவு எனலாம். அப்பெயர் தோன்றிய கதையே சுவையானது. நடை தள்ளாடிச் சிறுமூளை சுருங்கும் நோய் ஒன்றை 1900-இல் பிரெஞ்சு மருத்துவர்களாகிய டெஜெரினும் தாமாவும் எழுதினர். நின்றால் இரத்த அழுத்தம் வீழ்ந்து மயங்கும் நோய் ஒன்றை 1960-இல் அமெரிக்க மருத்துவர்களாகிய ஷையும் டிரேகரும் எழுதினர். அதே காலத்தில் பார்க்கின்சன் நோயை ஒத்து, ஆனால் அந்நோய்க்குரிய லேவிப் படிவு இல்லாத வேறொரு நோயும் எழுதப்பட்டது. மூன்று நோய், மூன்று பெயர். ஒருவரே மருத்துவர் மூவரிடம் சென்றால் மூன்று நோய்க்காரர் ஆகிவிடுவார்! இம்மூன்றும் பல நோயாளரிடத்தே கலந்து காணப்படுவதைச் சுட்டி, இவை ஒன்றே என்று 1969-இல் பொதுப்பெயர் கொடுத்தவர்கள் இங்கிலாந்தின் கிரஹாமும் ஓப்பன்ஹைமரும். கருத்துச் சரியே. சான்று இல்லை. குருடர் யானையைத் தடவிய கதையில் இது யானைதான் என்று ஒருவர் சொன்னாரேயன்றி, அதனைக் கண்ணால் கண்டு காட்டினாரில்லை.

சான்று 1989-இல் கிடைத்தது. இலண்டன் மனநோயியல் கழகத்தில் மாத்யாஷ் பாப், கான், பீட்டர் லான்டோஷ் ஆகிய மூவரும், இந்நோய்களால் இறந்தோர் மூளைகளை ஆராய்ந்து கொண்டிருந்தனர். 1971-இல் ஹங்கேரி நாட்டு ஃபெரென்ட்ஸ் கால்யாஷ் என்பார் அமைத்த வெள்ளிச் சாய முறையை அவர்கள் கையாண்டனர். பிறரெல்லாம் நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பகுதியைத் துருவிக் கொண்டிருக்க, இவர்கள் கண்ணில் பட்டதோ நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதி. அங்கே சிறுகிளையணுக்களுக்குள் அரிவாள் போன்றும் தீச்சுடர் போன்றும் வளைந்த கரும்படிவுகள் எண்ணற்றுக் கிடந்தன. மூன்று பெயர் பெற்ற நோயாளர் யாவர் மூளையிலும் அவை இருந்தன. நோயின்றி இறந்தோர் மூளையில் அவற்றைக் காணோம். மூன்றும் ஒரே நோய் என்பதற்கு, நூற்றுமுப்பது ஆண்டுகளாகப் பசை என்று ஒதுக்கப்பட்ட அணுவே சான்று கூறிற்று.

இம்மூவருள் லான்டோஷ் வரலாற்றை ஒரு வரியிற் கடந்து போக மனம் வரவில்லை. 1939-இல் ஹங்கேரியின் மாகோ என்னும் சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஐந்து வயதில் பெற்றோருடன் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். தந்தை அங்கேயே மாண்டார். தாயும் மகனும் மீண்டனர். மருத்துவம் கற்று, 1968-இல் இலண்டன் சென்று, அங்கேயே தங்கிவிட்டார். தம் இளமைக் கதையை 2006-இல் நூலாகவும் எழுதினார். படிவைக் கண்ட மூவருள் பாப் என்பாரும் ஹங்கேரியரே; சாயம் கண்டவரும் ஹங்கேரியரே. ஒரு சிறிய நாட்டுக்காரர் மூவர் கை இதில் சேர்ந்திருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அப்படிவில் இருக்கும் புரதம் எது என்பது அடுத்த வினா. 1997-இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்கள் சிலவற்றில் வழிவழி வந்த பார்க்கின்சன் நோய்க்குக் காரணம் ஆல்ஃபா சைனூக்ளின் என்னும் புரதத்தின் மரபணுப் பிழை என்று கண்டனர். 140 அமினோ அமிலங்களால் ஆன சிறு புரதம் அது. அதே ஆண்டில் மரியா கிராசியா ஸ்பில்லன்டினியும் மைக்கேல் கோடெர்ட்டும் அவர்தம் துணைவரும், லேவிப் படிவு அப்புரதத்தின் திரளே என்று காட்டினர். அடுத்த ஆண்டே, சிறுகிளையணுக்களில் லான்டோஷ் குழுவினர் கண்ட படிவும் அதே புரதமே என்பது தெளிவாயிற்று. ஒரே புரதம் நரம்பணுவில் திரண்டால் ஒரு நோய். துணையணுவில் திரண்டால் வேறொரு நோய்.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. சிறுகிளையணு இப்புரதத்தை மிகச் சிறிதளவே ஆக்குகிறது. தான் சமைக்காத உணவு தன் வீட்டில் மலைபோல் குவிந்திருப்பது எவ்வாறு? அண்டையிலுள்ள நரம்பணு உமிழ்ந்ததை இது விழுங்குகிறது என்பது ஒரு கட்சி. நோய் தொடங்கும்போது இதுவே ஆக்கத் தொடங்குகிறது என்பது மற்றொரு கட்சி. வழக்கு இன்னும் முடிவுபெறவில்லை. ஆனால் 2018-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து விர்ஜீனியா லீயின் ஆய்வுக்கூடத்தார் ஓர் உண்மையை வெளியிட்டனர். சிறுகிளையணுவில் திரண்ட புரதம், லேவிப் படிவில் திரண்டதைக் காட்டிலும் பிற புரதங்களைப் பிறழச் செய்வதில் ஏறத்தாழ 1,000 மடங்கு வலிமை உடையதாம். அவ்வலிமையை அதற்கு ஊட்டுவது சிறுகிளையணுவின் உட்சூழலே. பார்க்கின்சன் நோயர் பலர் இருபது ஆண்டும் வாழ, இந்நோயர் பெரும்பாலும் ஒன்பது பத்து ஆண்டுகளுக்குள் மறைவதற்கு ஒரு காரணம் இதுவாகலாம். 2020-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் இப்புரத இழையைக் கடுங்குளிரில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்பெருக்கியால் நோக்கினர். அதன் மடிப்பு, லேவிப் படிவின் மடிப்பினின்றும் வேறானது என்பது பின்னர் உறுதியாயிற்று.

விண்மீனணுவின் கதையும் இதனை ஒத்ததே. கண்ணை மேலும் கீழும் அசைக்க இயலாமல், நிற்கும்போதே பின்புறமாகச் சாய்ந்து வீழும் நோய் ஒன்றைக் கனடாவின் டொரன்டோ நகரத்து மருத்துவர்களாகிய ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி மூவரும் 1964-இல் விரிவாக எழுதினர். அந்நோயில் திரள்வது டௌ என்னும் வேறொரு புரதம். அது நரம்பணுவில் மட்டுமன்றி விண்மீனணுவிலும் குஞ்சம் போலத் திரள்வதை 1990-களில் அறிந்தனர். அதனோடு உறவுடைய மற்றொரு நோயில், அதே டௌ புரதம் அதே விண்மீனணுவில், குஞ்சமாகத் திரளாமல் கிளைகளின் நுனியில் மாலை போல வளைந்து திரள்வதை ஃபீனி, டிக்சன் என்னும் இருவரும் 1995-இல் காட்டினர். நோயாளரைப் பார்க்கும் மருத்துவருக்கு இவ்விரு நோயும் சில வேளை ஒன்றுபோலவே தோன்றும்; பிரித்துக் காட்டுவது துணையணு. நோய் ஏதுமின்றி முதுமையடைந்தோர் விண்மீனணுக்களிலும் டௌ ஓரளவு திரள்வதுண்டு என்று கண்டு, 2016-இல் அதற்கும் தனிப்பெயர் இட்டுள்ளனர். முதுமைக்கும் நோய்க்கும் நடுவே கோடு கிழிப்பது அத்துணை எளிதன்று.

இவ்வரலாற்றில் நம் நாட்டின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். இந்தியாவில் நரம்பு அறுவைக்கென முதல் துறை 1949-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி அவர்களால் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தி அவர்கள் அப்பணியைத் தொடங்கினார். 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், இராமமூர்த்தி மூவரும், இளவயதினரின் கைகால் மெலிந்து, முகமும் நாவும் தளர்ந்து, செவியும் மந்தமாகும் ஒரு நோயைத் தனியே பிரித்துக் காட்டினர். அது இன்றும் உலக மருத்துவ நூல்களில் சென்னையின் பழைய பெயராலேயே வழங்குகிறது. அந்நோய் துணையணுவைச் சார்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளரை உற்று நோக்கிய கண் நம்மிடம் இருந்தது என்பதற்கே அதனைக் கூறினேன். குறைவாக இருந்தது வேறொன்று, ஆராய்வதற்கு மூளை.

அக்குறையை நீக்க 1995-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் எஸ்.கே. சங்கர் அவர்கள் முயற்சியால் மூளைத் திசு வைப்பகம் ஒன்று நிறுவப்பட்டது. இந்தியாவில் அத்தகையது அதுவே முதலாவது. இறந்தவரின் குடும்பத்தார் எழுத்தால் இசைந்தால், சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்து, ஒரு பகுதியை ஃபார்மலினிலும் ஒரு பகுதியைக் கடுங்குளிரிலும் வைத்துக் காப்பர். முகத்துக்குப் பழுது நேராது. ஈமக்கடன்களுக்கும் தடை இராது. இலண்டனில் 1989-இல் கண்ட படிவும் இத்தகைய குடும்பங்களின் இசைவாலன்றிக் கண்டிருக்க இயலாது. அக்குடும்பத்தார் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை.

நம் எல்லைப்புறத்துக்கென்று ஒரு தனி இடர்ப்பாடும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. கோடு நிலத்தின்மீது விழுந்தது; நோயாளர் நடந்த வழி மாறவில்லை. மலைத்தோட்டத்தார் 1954-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியை நாடி மதுரைக்கு இறங்கினர். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை மக்களுக்குக் கோயம்புத்தூரே அண்மை. அங்கே 1966-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று ஒரு சீட்டு மலையாளம் வழங்கும் மருத்துவமனையில், மறு சீட்டு தமிழ்நாட்டு மருத்துவமனையில், மூன்றாவது தோட்டத்து மருந்தகத்தில் என்று ஒருவரது நோய் வரலாறே மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. பத்தாண்டு கூடி நடக்கும் நோய்க்கு இதனினும் பெரிய தடை வேறில்லை. இன்ன ஆண்டில் மயக்கம், இன்ன ஆண்டில் விறைப்பு என்ற முறைவைப்பே இந்நோயைப் பார்க்கின்சன் நோயினின்றும் பிரித்துக் காட்டுவது.

மொழியும் இதில் புகுகிறது. நினைவும் அறிவும் தளர்ந்தனவா என்று அறியச் சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லுமாறு கேட்பர். இத்தகைய சோதனைகளுள் உலகெங்கும் பெயர்பெற்ற ஒன்றைக் கேம்பிரிட்ஜில் 2000-இல் வெளியிட்ட குழுவில் முதற்பெயர் பி.எஸ். மதுரநாத் என்பது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் பணியாற்றிய அவரே அதனை மலையாளத்துக்கும் ஏற்றவாறு அமைத்தார். வெறும் மொழிபெயர்ப்பாகச் செய்யாமல், அம்மக்கள் அறிந்த பெயர்களையும் பொருள்களையும் கொண்டு அமைத்ததே அதன் சிறப்பு. வீட்டில் தமிழும் தோட்டத்தில் கலப்பு மொழியும் பேசி, பள்ளி வாசல் காணாத நம் பாட்டிமாரிடம் அச்சொற்களைக் கேட்டால், மறந்தமையாற் சொல்லவில்லையா, அறியாமையாற் சொல்லவில்லையா என்று எவ்வாறு பிரிப்பது? தமிழ் அறிந்த உறவினர் ஒருவர் உடன் சென்று, இது இவர் அறிந்த சொல், இது அறியாத சொல் என்று மருத்துவரிடம் கூறுதல் நலம். எங்கள் பெரியம்மா அதனைத் தாமாகவே செய்தார். இவர் முன்னெல்லாம் தோட்டத்து வரவேட்டில் நூறு பேர் பெயரைப் பாராமல் சொல்வார், இப்போதும் சொல்வார், கேட்டுப் பாருங்கள் என்று மருத்துவரிடம் வாதிட்டார். பெரியப்பாவும் குழறிய நாவால் இருபத்தைந்து பெயர் வரை சொன்னார். அறிவு தளரவில்லை, உடலே தளர்ந்தது என்று மருத்துவர் முடிவுக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேரளத்தில் 1992-இல் குன்னங்குளத்தில் தொடங்கிய அல்சைமர் நோயாளர் சங்கம் இத்துறையில் நெடுங்காலமாகத் தொண்டாற்றி வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர். இந்தியா முழுதும் அறுபது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயால் வருந்துவதாக 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பன்மண்டலச் சிதைவு இவற்றின் முன் மிக அரிது. ஒரு லட்சம் பேரில் நால்வர் ஐவர் என்பது மேனாட்டுக் கணக்கு. அரிது என்பதால் அறியப்படாமலே போகிறது.

உயிரோடிருக்கும்போதே அறியும் வழி தோன்றாமலில்லை. 2024-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், தோலில் சிறு துணுக்கு எடுத்து அங்குள்ள நரம்பிழைகளில் பிறழ்ந்த சைனூக்ளினைத் தேடினர். பன்மண்டலச் சிதைவு உடையோருள் 98 விழுக்காட்டினரிடம் அது கிடைத்தது. ஆனால் பார்க்கின்சன் நோயருள் பெரும்பாலாரிடமும் அது கிடைத்தது. புரதம் இன்னதென்று தோல் சொல்லும். அது மூளையின் எந்த அணுவில் குவிந்துள்ளது என்று தோல் சொல்லாது. 2022-இல் உலக மருத்துவர் குழு வகுத்த விதிகளும், ஐயமறத் துணிதற்குச் சிறுகிளையணுவின் படிவையே வேண்டுகின்றன. மருந்தோ இன்னும் கிடைக்கவில்லை. மயக்கத்துக்கும் விறைப்புக்கும் சிறுநீர்த் தொல்லைக்கும் தனித்தனியே தணிப்பு உண்டு. நோயின் ஓட்டத்தை நிறுத்துவது ஒன்றுமில்லை. சிறுகிளையணுவில் புரதம் குவிவதைத் தடுக்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன.

பெரியப்பா நோய் கண்ட எட்டாம் ஆண்டில், மார்கழிக் குளிரில், வீட்டிலேயே இறந்தார். இரவு இரண்டு மணி. மூளையை ஈவது பற்றி மதுரை மருத்துவர் முன்னமே ஒருமுறை மெல்லக் கேட்டிருந்தார். எங்களுள் எவரும் அன்று விடை சொல்லவில்லை. அவ்விரவில் எனக்கு அந்நினைவு வந்தது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கேட்க வாய் எழவில்லை. விடிந்ததும் எடுத்துவிட்டோம். சென்ற ஆண்டு ஒருநாள், எதையோ தேடுகையில் பெரியம்மாவே அந்தச் சீட்டைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்து, இந்தக் கடைசிக் குறி என்னப்பா என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் அன்றைக்கே என்னிடம் கேட்டிருக்கலாமே என்றார்.